வானத்தாரின் வயிறு

கட்டடம் தளம் தளமாக வளர வளர, வானத்தாருக்குக் கழிப்பறை தளம் தளமாகத் தூரமாகிக்கொண்டே போனது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்கிற விஷயமா அது?

வானத்தார் என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். கட்டடத்தை ஒட்டி நிற்கும் கோபுரக் கிரேனின் உச்சியில், கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து, கம்பிக் கட்டையும் கான்கிரீட் தொட்டியையும் தூக்கி வேண்டிய இடத்தில் வைப்பது அவர் வேலை. காலையில் ஏணி ஏறினால் மதியம்தான் தரையை மிதிப்பார். கட்டடம் உயர்ந்தால் கிரேனின் உடம்பில் இன்னொரு துண்டைச் செருகி அதையும் உயர்த்துவார்கள். அப்போது ஏணியும் நீளும்.

மேலே அவர் கை என்றால் கீழே அவருடைய கண் சிக்னல்காரர். அவருக்கு வைத்த பெயர் சத்தம். வாக்கி-டாக்கி இல்லாமலே அவர் பேசுவது உச்சிக்குக் கேட்கும் என்பார்கள். கிரேன் வேலையில் ஒரு விதி உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு என்று சொல்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை. இரண்டாவது வாய் நடுவில் நுழையக் கூடாது, அது முதலாளியின் வாயாகவே இருந்தாலும். 'நிறுத்து' என்ற ஒரு சொல்லை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். செங்கல் சுமக்கிற பெண் சொன்னாலும் வானத்தார் கை நின்றுவிடும்.

அவருடைய வயிற்றுக்கு மட்டும் அப்படி ஒரு விதியும் இல்லை. சாப்பிட்டால் முறுக்கும். சில நாள் ஓட விடும், சில நாள் பூட்டிக்கொள்ளும், சில நாள் மேளம் மாதிரி உப்பிக்கொண்டு பெல்ட்டை ஓட்டை மாற்றச் சொல்லும். மேலே இருக்கும்போது முறுக்கினால் என்ன செய்வது? அதற்கு வானத்தார் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார். சாப்பிடாமல் ஏறுவது. காலையில் வெறும் வயிற்றில் கடுப்பாக ஒரு டீ. அதோடு சரி. பகலெல்லாம் காயப்போட்ட வயிற்றில் சாயங்காலம் வீட்டுக்கு வந்து மொத்தமாகக் கொட்டுவார். கூடவே பச்சை வெங்காயம் கடித்துக்கொள்ள வேண்டும். வெங்காயம் இல்லாத சாப்பாட்டை அவர் சாப்பாட்டில் சேர்க்க மாட்டார்.

அப்படியும் சில நாள் முறுக்கத்தான் செய்தது. அப்போதெல்லாம் வாக்கியில் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு இறங்குவார். கண்ணாடியில் தூசி, கம்பிவடத்தில் ஒரு சத்தம், இப்படி. வாக்கி எல்லோருக்கும் பொது. ஒருவர் பேசினால் இடம் முழுக்கக் கேட்கும். அத்தனை காதுக்கு முன்னால் வயிறு என்று எப்படிச் சொல்வது?

ஒரு நாள் சாக்குச் சொல்லக்கூட நேரம் இல்லாமல் போயிற்று. கம்பிக் கட்டு நடு வானத்தில் இருக்கும்போது வயிறு கலக்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. தொங்குகிற லோடை விட்டுவிட்டு இறங்க முடியாது. சத்தம் சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்குக் கொண்டுபோகப் பொறுமையில்லாமல், கைக்கு எட்டிய மூலையில் இறக்கினார். அங்கே பலகைக்கு அடியில் முட்டு சரியாகக் கொடுக்கவில்லை. பலகை நெளிந்து கட்டு சரிந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை.

என்ஜினியர் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் வானத்தாருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

வானத்தார் பூட்ஸைப் பார்த்தார். பிறகு சொன்னார். சொல்லி முடிக்கும்போது காது மடல் வரை சுட்டது.

"இத்தனை நாளா இதை வச்சுக்கிட்டா மேலே உக்காந்திருந்தீங்க?" என்றார் என்ஜினியர். "கொஞ்ச நாள் கீழே இருங்க. மேலே வேற ஆளைப் போடறேன். டாக்டரைப் பாருங்க. மழைக்கு முன்னாடி கிரேனை உயர்த்தியாகணும். அன்னைக்கு உங்களால ஏற முடியும்னா நீங்க ஏறுங்க. முடியலைன்னா அந்த ஆளே இருக்கட்டும். உங்களுக்குக் கீழே வேலை இல்லாமப் போகாது."

வேலை இருந்தது. லோடுக்குக் கொக்கி மாட்டும் வேலை. மேலே வந்து உட்கார்ந்த ஆளுக்குப் புதுசு என்று பெயர் விழுந்தது. மரியாதை தெரிந்த பிள்ளை, வேலையும் தெரிந்தவன். அதுதான் வானத்தாருக்கு இன்னும் வலித்தது. தன் கிரேன் இன்னொருவன் கைக்குத் தலையாட்டுவதைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

டாக்டர் ரத்தம், மலம், குழாய் விட்டுப் பார்ப்பது என்று எல்லாப் பரிசோதனையும் செய்தார். புண் இல்லை, கட்டி இல்லை. "குடல்ல கோளாறு ஒண்ணும் இல்ல. ஆனா கோவக்காரக் குடல். சின்ன விஷயத்துக்கெல்லாம் எகிறும். பயந்தாலும் எகிறும். உயிருக்கு ஒண்ணும் ஆகாது. அதைப் பழக்கித்தான் கொண்டுவரணும்" என்று சொல்லி, உணவு ஆலோசகர் அம்மாவிடம் அனுப்பினார்.

"எங்க மாமியார் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் மனைவி, வராந்தாவில் காத்திருக்கும்போது.

"எங்கம்மாவை ஏண்டி இழுக்கறே?"

"எதுக்குக் கோவம் வரும்னு கடைசி வரைக்கும் தெரியாதில்ல, அதைச் சொன்னேன்."

மனைவி சீருடை தைக்கும் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவள். தையல் ஒரு இழை கோணினாலும் பிரித்துத் தைக்கிற கை. வாயும் அப்படித்தான்.

ஆலோசகர் அம்மா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டார். "காலையில என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. ஏணி ஏறணுமில்ல."

"மதியம்?"

"ரெண்டு பிஸ்கட்."

"ராத்திரி?"

வானத்தார் மனைவியைப் பார்த்தார். மனைவி மின்விசிறியைப் பார்த்தாள். "மீதி எல்லாம்" என்றாள்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "முதல்ல நேரத்துக்குச் சாப்பிடுங்க. கொஞ்சமா, உக்காந்து, மென்னு. ரெண்டு வாரம் அதை மட்டும் பண்ணுங்க. வேற எதையும் தொடாதீங்க. அப்புறம் டீயைப் பார்ப்போம், பாலைப் பார்ப்போம், வெங்காயத்தைப் பார்ப்போம்..."

"வெங்காயமா?" என்றார் வானத்தார், சொந்தக்காரர் யாரையோ போலீஸ் தேடுகிறது என்று கேள்விப்பட்டவர் போல.

"பார்ப்போம். ஒரு நேரத்துல ஒண்ணு. எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினா, எது உதவுச்சு எது கெடுத்துச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

மறுநாளே ஆரம்பித்தார். விடிந்ததும் கொஞ்சம் சோறும் அவித்த முட்டையும். இடைவேளையில் பாதி வாழைப்பழம். மதியம் டப்பாவில் கட்டிக்கொண்டு வந்த சோறும் கேரட்டும். பட்டினி கிடந்து பழகிய வயிற்றுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை, முணுமுணுத்தது, உருண்டது. வானத்தார் பல்லைக் கடித்துக்கொண்டு மென்றார். சில நாளில் முறுக்கல் குறைந்தது. பிறகு இன்னும் குறைந்தது. பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. ஒரு நாள் முழுக்க வயிற்றை நினைக்காமலே வேலை செய்துவிட்டு, சாயங்காலம்தான் அது ஞாபகம் வந்து, திகைத்து நின்றார்.

"நேரத்துக்குச் சாப்பிட்டா போதும்டா" என்று சத்தத்திடம் பெருமையாகச் சொன்னார். "இத்தனை வருஷம் இது தெரியாம இருந்திருக்கேன் பாரு."

"ஆமாண்ணே" என்றார் சத்தம். வழக்கத்துக்கு மாறாக மெதுவாகச் சொன்னார்.

"டீ மட்டும் கொஞ்ச நாளா இனிப்புத் தூக்கலா இருக்கு."

"டீக்கடை அக்கா கை தாராளம் ஆயிடுச்சு போல" என்று சொல்லிவிட்டு சத்தம் எதையோ தேடுவது போல நகர்ந்துவிட்டார்.

வீட்டில் சாப்பாடுதான் கொஞ்சம் சப்பென்று இருந்தது. பச்சை வெங்காயம் தட்டுக்கு வருவதே இல்லை. கேட்டால், "இப்போ வர்ற வெங்காயமெல்லாம் உள்ளே அழுகல். நான் வாங்கலை" என்றாள் மனைவி. கடைக்காரனைத் திட்டிவிட்டு வானத்தார் சாப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. கூடமாட உதவ மனைவி கிளம்பினாள். மாமனார் வீடு மாறுகிறார், சாமான் தூக்க வேண்டும் என்று சத்தமும் விடுப்புப் போட்டார். வானத்தார் கவலைப்படவில்லை. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதானே? தானே சமைத்தார். வெங்காயத்தை உரித்துப் பார்த்தார். உள்ளே அழுகல் எதுவும் இல்லை, முத்து மாதிரி இருந்தது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று எண்ணெயில் நிறைய வதக்கினார், தட்டோரம் பச்சையாகவும் அடுக்கிக்கொண்டார்.

பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். கீழே வேலை என்பதால் கழிப்பறை கூப்பிடு தூரத்தில் இருந்தது, அதுவரை பிழைத்தார். பழைய மேளமும் பழைய முறுக்கலும் வட்டி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தன. நேரம் தவறாமல்தான் சாப்பிட்டார். நேரம் தவறாமல்தான் ஓடினார்.

கொக்கியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். கிரேனுக்கு அப்பால், வானத்தின் ஓரத்தில் மழை மேகத்தின் கறுப்பு லேசாகத் தெரிந்தது. உயரம் கூட்டுவதற்கான இரும்புத் துண்டுகள் லாரியில் வந்து இறங்கியிருந்தன. அவற்றுக்குக் கொக்கி மாட்டியதும் அவர்தான். அந்த ஏணி இனி தனக்கு இல்லை என்று மனதுக்குள் ஒரு குரல் சொல்லிவிட்டது.

சத்தம் விடுப்பு முடிந்து வந்த காலையில், வேலை தொடங்கும் முன்னே எல்லோருடைய வாக்கியும் ஒரே சமயத்தில் கரகரத்தது.

"அக்கா, நான் குடுத்த பாக்கெட் பால் தீந்துபோச்சா? அப்புறம் எந்தப் பாலை ஊத்தினே அவருக்கு?"

சத்தத்தின் குரல். அடுத்து டீக்கடை அக்காவின் குரல், கொஞ்சம் தள்ளி. "எல்லாருக்கும் ஊத்தற பாலைத்தான் ஊத்தினேன். நீ லீவுல போயிட்ட. நான் எங்கே போய்த் தேடறது?"

"ஐயோ, கெடுத்தியே! என் பொண்ணுக்குப் பால் ஆகாதுன்னு வாங்கற ஸ்பெஷல் பால்க்கா அது. அண்ணன் வயித்துக்கும் அதுதான் சரின்னு, அவருக்கே தெரியாம காதும் காதும் வச்ச மாதிரி ஓட்டிக்கிட்டிருந்தேன். இப்போ போய்..."

கிரேன் உச்சியிலிருந்து புதுசு குறுக்கிட்டான். "சத்தம் அண்ணே, உங்க வாக்கி பட்டன் அமுங்கியிருக்கு. எல்லாருக்கும் கேக்குது."

ஒவ்வொரு தளத்திலிருந்தும் சிரிப்பு இறங்கி வந்தது. கம்பி கட்டுகிறவர் ஒருவர், "பால்காரரே, நமக்கும் ஒரு பாக்கெட்" என்றார். அலுவலகத்திலிருந்து என்ஜினியர், "காலையில வேலையைப் பாருங்கப்பா" என்றார். அவர் குரலிலும் சிரிப்பு இருந்தது.

வானத்தார் நேராக டீக்கடைக்கு நடந்தார். சத்தம் மேசையில் சாய்ந்தபடி இடுப்பு வாக்கியைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?"

"நீங்க சாப்பாடு மாத்தின மறுநாள்லேருந்துண்ணே. நீங்க சீக்கிரம் மேலே போகணும்னுதான். அந்தப் புதுசுக்கு நான் கத்தறது பிடிக்கலை. அண்ணே மெதுவா பேசுங்க, மெதுவா பேசுங்கறான். நான் மெதுவா பேசி எப்போ பழகினேன்?"

வானத்தாருக்குத் திட்ட வாய் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட முடியவில்லை. டீ இனித்தது சர்க்கரையால் இல்லை, அந்த ஸ்பெஷல் பாலால்தான் என்று இப்போது புரிந்தது. புரிந்ததும் இன்னொன்றும் உறைத்தது. அப்படியானால் அழுகல் வெங்காயம்?

சாயங்காலம் மனைவி தங்கை வீட்டிலிருந்து திரும்பிப் பையைக்கூட இறக்கவில்லை. "என்னங்க இது, முகமெல்லாம் ஒட்டிப்போய்..."

"வெங்காயம் அழுகலா இருந்துச்சா?"

அவள் பையை மெல்லக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா?"

"வெங்காயமே சொல்லுச்சு."

"பூண்டையும் நிறுத்தினேன்" என்றாள், கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு எதை மறைப்பது என்பது போல. "நேரா சொன்னா நீங்க விடுவீங்களா? நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

வானத்தார் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது, வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தார். சத்தத்தின் பால் கதையையும் அவளிடம் சொன்னார்.

"ஒரே லோடுக்கு மூணு பேர் சிக்னல் குடுத்திருக்கோம். நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. லோடு எப்படி இருக்கும்?"

"சரிஞ்சிடும்."

"சரிஞ்சுதான் போச்சு."

அவள் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

"அப்போ இனிமே யார் சிக்னல்?" என்றாள்.

அவர் யோசித்தார். "நீ. நீ சொல்லாம ஒண்ணும் தட்டுக்கு வராது, தட்டை விட்டும் போகாது. சத்தத்துக்கும் அதேதான். ஆனா என்கிட்ட சொல்லிட்டுச் செய். கண்ணைக் கட்டிக்கிட்டு என்னால கிரேன் ஓட்ட முடியாது."

"உங்க வயிறு?"

"அது நிறுத்துன்னு மட்டும் சொல்லலாம்."

ஆலோசகர் அம்மா நடந்ததையெல்லாம் கேட்டுச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, ஒண்ணும் கெட்டுப்போகலை. மூணும் சேர்ந்து இருந்தப்போ வயிறு அடங்கியிருந்துச்சில்ல? மறுபடி அப்படியே வைங்க. நல்லா அடங்கட்டும். அப்புறம் ஒண்ணொண்ணா, கொஞ்சங் கொஞ்சமா உள்ளே விட்டுப் பாருங்க. எது வரும்போது எகிறுதுன்னு அதுவே காட்டும்."

இது வானத்தாருக்குச் சொல்லாமலே புரிந்தது. கனமான லோடை முதலில் ஒரு சாண் தூக்கி நிறுத்துவார்கள். கட்டு இறுகுகிறதா, சாய்கிறதா என்று பார்த்துத்தான் மேலே போவது. ஆயிரம் தடவை இரும்புக்குச் செய்ததைத் தன் குடலுக்குச் செய்ய மட்டும் தோன்றவே இல்லை.

முதலில் சாதாரணப் பால், டீயில் ஒரு கரண்டி. நின்று பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அரை டம்ளர் ஆக்கினார்கள். லேசாக உப்பியது, ஆனால் முறுக்கவில்லை. "இதுக்கு மேலே வேண்டாம்" என்றாள் மனைவி. டீயின் கடுப்பைக் குறைத்து, சாப்பிட்ட பிறகுதான் குடிப்பது என்று வைத்தார்கள்.

அடுத்து வெங்காயம். வதக்கியது, ஒரு ஸ்பூன். தட்டில் அதைப் பார்த்ததும் வானத்தாருக்கு நெஞ்சு நிறைந்தது. சாயங்காலத்துக்குள் மேளம் வந்துவிட்டது. சில நாள் ஓய்வு கொடுத்து மறுபடி பார்த்தார்கள், அதில் பாதி. மறுபடியும் மேளம்தான்.

"பாலை வீணா சந்தேகப்பட்டோம்" என்றார் வானத்தார் துக்கத்தோடு. "கூடவே இருந்தவன்தான் குழி பறிச்சிருக்கான்."

மனைவி சும்மா இருக்கவில்லை. ஆலோசகர் அம்மாவைக் கேட்டு ஒரு வழி தெரிந்துகொண்டு வந்தாள். வெங்காயத்தைப் பெரிய துண்டாகப் போட்டு எண்ணெயில் வாட்டி, மணம் எண்ணெயில் இறங்கியதும் துண்டுகளை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் மற்றதைச் சமைப்பது. கெடுதல் செய்வது எண்ணெயில் இறங்காதாம். முதல் நாள் பயந்துகொண்டே சாப்பிட்டார். வயிறு வாயைத் திறக்கவில்லை. வெங்காயம் நேரில் வராவிட்டாலும் அதன் மணமாவது வீட்டுக்கு வந்து போயிற்று.

மழைக்கு முன்பு கிரேனை உயர்த்தினார்கள். அன்று மாலை என்ஜினியர் கூப்பிட்டார்.

"வயிறு எப்படி இருக்கு?"

முழுக்கச் சரியாயிற்று என்று சொல்லிவிட வாய் துடித்தது. வானத்தார் அதை விழுங்கினார். "போகலை சார். போகாதாம். ஆனா இப்போ எதுக்கு எகிறும்னு தெரியும், எப்படி அடக்கறதுன்னும் தெரியும். என்னைக்காவது ஒரு நாள் நடுவுல இறங்க வேண்டி வரலாம். வந்தா வாக்கியில நேராச் சொல்லிடறேன்."

"எல்லாரும் கேப்பாங்களே?"

"பால் கதையே எல்லாருக்கும் தெரியும். இனிமே மறைக்க என்ன சார் இருக்கு?"

என்ஜினியர் ஏணிப் பக்கம் பார்த்தார். "அன்னைக்கு நீங்க இறங்கினது தப்பில்ல. சொல்லாம லோடை வச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு. நாளைக்குக் காலையில ஏறுங்க. புதுசைப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பறேன்."

மறுநாள் காலை, தோளில் டப்பாப் பையை மாட்டிக்கொண்டு வானத்தார் ஏறினார். ஏணி நீண்டிருந்தது, நடுநடுவே நின்று மூச்சு வாங்கினார். மேலே நாற்காலியைப் புதுசு உயர்த்தி வைத்திருந்தான். அதைத் தன் அளவுக்கு இறக்கிக்கொண்டார். கீழே சத்தம் ஒரு கடுகு மாதிரி தெரிந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"அண்ணே! கேக்குதா?"

"வாக்கியைக் கீழே வச்சுட்டுப் பேசு. போதும்."

முதல் லோடு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. வெயில் நன்றாக ஏறிய நேரத்தில், கம்பிக் கட்டு நடு வானத்தில் இருக்கும்போது, அடிவயிற்றில் ஒரு விரல் வந்து சுண்டியது. பழைய பயம் ஏணி ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. கைக்கு எட்டிய மூலை அதே மாதிரி கீழே தெரிந்தது.

வானத்தார் கையை நிறுத்தினார். பட்டனை அமுக்கினார்.

"சத்தம். நிறுத்தம் கேக்கறேன். வயிறு."



"சரிண்ணே" என்றார் சத்தம். கேலி இல்லை, கத்தல் இல்லை. "முதல்ல லோடை வச்சிடுவோம். இடது பக்கம் திருப்புங்க. மெதுவா. மெதுவா. இன்னும் கொஞ்சம். இறக்குங்க. ஆங், உக்காந்துடுச்சு. கொக்கியை எடுத்துட்டாங்க. இறங்கறீங்களா?"

வானத்தார் பின்னால் சாய்ந்து அடிவயிற்றில் கையை வைத்து மூச்சை இழுத்து விட்டார். இறங்கலாம். யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது தெரிந்ததுமே விரல் கொஞ்சம் தளர்ந்தது போல இருந்தது. இன்னும் சில மூச்சு விட்டார். சுண்டல் அடங்கி, வெறும் கனமாகி, கனமும் கரைந்தது. டப்பாவைத் திறந்தார். ஆறிய சோறு, கேரட், எண்ணெயில் வெங்காய மணம். ஒரு கவளம் எடுத்து நன்றாக மென்றார்.

"அண்ணே?" என்றார் சத்தம்.

"சாப்பிடறேன்டா."

"என்ன சாப்பாடு?" இது ஏதோ ஒரு தளத்திலிருந்து கம்பி கட்டுகிறவர்.

"உனக்கு எதுக்கு? சிக்னல் என் வீட்டம்மா. அவளைக் கேளு."

வாக்கி முழுக்கச் சிரிப்புக் கேட்டது. வானத்தார் டப்பாவை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு, பிடியைப் பற்றினார்.

"சத்தம், நான் தயார். நீ சொல்லு."

"தூக்குங்கண்ணே. ஒரு சாண் மட்டும்."

கம்பிவடம் இறுகியது. அடுத்த கட்டு தரையை விட்டு ஒரு சாண் எழுந்து, ஆடாமல் நின்றது.